கற்பூரத்தைத் தவறவிட்ட கை

"என் விரலைத் தொடுங்க. அப்புறம் உங்க மூக்கைத் தொடுங்க. மறுபடி என் விரல்."

டாக்டர் தன் ஆள்காட்டி விரலை ஏழுமலையின் முகத்துக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் நீட்டிக்கொண்டிருந்தார். சின்ன வயதுப் பெண். என்னிடம் முன்பு பிளஸ் டூ படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். அரசு ஆஸ்பத்திரியின் நரம்பியல் ஓ.பி. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றுதான் வரவில்லை. பினாயில் வாடையோடு யாரோ பிரித்த இட்லிப் பொட்டலத்தின் வாடையும் கலந்து வந்தது.

ஏழுமலை என் தம்பி. கையைத் தூக்கினான். பாதி தூரம் வரை கை ஒழுங்காகத்தான் போனது. டாக்டரின் விரலை நெருங்க நெருங்க ஆட ஆரம்பித்தது. கடைசியில் அந்த விரலைத் தாண்டி, நாலு அங்குலம் தள்ளிப்போய், வெறும் காற்றைத் தொட்டு நின்றது.

அவன் சிரித்தான். "இன்னா மேடம், விரலை நவுத்திட்டீங்களே!"

"நான் நகர்த்தலை. இன்னொரு தடவை பண்ணுங்க."

இரண்டாவது தடவையும் தப்பியது. மூன்றாவது தடவை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, கை முழுவதையும் விறைப்பாக வைத்துக்கொண்டு போனான். அப்போதும் தப்பியது.

இதே மாதிரி ஒரு கை மூன்று முறை தப்பிப் போனதை நான் பதினாலு வயதில் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அல்ல, கோயிலில். அது எங்கள் நைனாவின், எங்கள் அப்பாவின் கை.

இந்தத் தொடரில் இந்த வாரம் எழுதப் போவதை இத்தனை வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூடக் கதை, ஆய்வுக்கூடத்து எலும்புக்கூட்டுக் கதை என்று ஏதேதோ சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தேன். ஏழுமலை போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. அவன் மகள் பவித்ராவிடம், "எழுதட்டுமா?" என்று கேட்டேன். இப்போது அவள் காலேஜில் படிக்கிறாள். நடந்தது அத்தனையும் அவளுக்குத் தெரியும். "எழுதுங்க அத்தை. தாத்தாவைப் பத்தி ஊருல இன்னும் தப்பாத்தான் பேசறாங்க," என்றாள். அதனால் எழுதுகிறேன்.

தட்டு விழுந்த நாள்

ஏழுமலை எண்ணூரிலிருந்து டோல்கேட் வரை ஷேர் ஆட்டோ ஓட்டினான். கடலுக்குப் போக வேண்டிய பிள்ளை. காத்திவாக்கத்தில் எங்கள் குப்பத்தில் பிறந்த ஆண் பிள்ளைகள் எல்லாம் கடலுக்குத்தான் போவார்கள். அவனை மட்டும் எந்தப் படகிலும் ஏற்றவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அவன் மனைவி வசந்தி காசிமேட்டுப் பெண். மீன் வியாபாரம். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். ஒரே மகள் பவித்ரா.

பவித்ரா பெரியவளாகி மஞ்சள் நீர் சுற்றிய நாள். காசிமேட்டிலிருந்து தாய்மாமன்கள் மேளத்தோடு சீர் எடுத்து வந்தார்கள். வாசலில் நின்று முதல் தட்டை வாங்க வேண்டியது ஏழுமலை. கையை நீட்டினான். தட்டு வந்த இடம் ஒன்று, கை போன இடம் வேறு. கால் பின்னியது. தட்டோடு தெருவில் விழுந்தான். ஆப்பிளும் வளையலும் சாக்கடை வரை உருண்டு போயின. மேளம் நின்றுவிட்டது.

"பொண்ணு சடங்குலயுமா குடிப்ப?" என்று வசந்தி கத்திய கத்தல் எனக்கு இன்னும் கேட்கிறது.

"நான் குட்க்கல வசந்தி. சத்தியமா குட்க்கல," என்றான் தரையில் கிடந்தபடி. நாக்கு குழறியது. அந்தக் குழறலே அவனுக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிட்டது. மச்சான்கள் இரண்டு பேரும் அவனைத் தூக்கி நிறுத்தி, நிறுத்திய கையாலேயே அறைந்தார்கள்.

அன்றைக்கே வசந்தி மகளைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம், "உங்க தம்பி குடிக்கலன்னு எவனாச்சும் எனக்கு ப்ரூஃப் காட்டட்டும்க்கா. அன்னைக்கி வர்றேன். அதுவரிக்கும் என் பொண்ணு மூஞ்சில அவர் முயிக்கக் கூடாது," என்றாள்.

நான் அவளைத் தடுக்கவில்லை. எனக்கும் அவன் குடித்திருக்கிறான் என்றுதான் தோன்றியது. நடை சில மாதமாகவே சரியில்லை. இத்தனைக்கும் ஏழுமலைக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் மாங்காய் திருடிவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே தோட்டக்காரரிடம் போய்ச் சொல்லிவிடுகிற ரகம். அது தெரிந்தும் நான் அவனை நம்பவில்லை.

ஏட்டு சொன்னது

அவனை முதலில் நம்பியது ஒரு போலீஸ்காரர்.

ஒரு சாயங்காலம் எர்ணாவூர் பக்கம் வண்டிகளை நிறுத்திச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கிய ஏழுமலை தள்ளாடியதைப் பார்த்ததும் கருவியை வாயில் வைத்து ஊதச் சொல்லியிருக்கிறார்கள். பூஜ்யம் வந்தது. கருவி சரியில்லை என்று இன்னொன்றை எடுத்து வந்தார்கள். அதிலும் பூஜ்யம். "இன்னாடா மாமு, மூச்ச அடக்கிக்கினு ஊதுறியா?" என்று திரும்பத் திரும்ப ஊத வைத்திருக்கிறார்கள். கடைசியில் யாரையாவது வரச்சொல் என்று எனக்குப் போன் வந்தது.

நான் போனபோது அவன் ஆட்டோவின் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். வயதான ஏட்டு ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"டீச்சரம்மா, நான் எத்தினியோ வருசமா இவனுங்கள ஊத வெச்சிகினு கீறேன். குட்ச்சவன் கண்ணு வேற. இவன் கண்ணப் பாருங்க, ஒரு எடத்துல நிக்காம ஆடுது. இது சரக்கு இல்லம்மா, இது இன்னாவோ வியாதி. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க."

கருவி துப்பிய சின்னச் சீட்டையும் என் கையில் கொடுத்தார். உயிரியல் பட்டம் வாங்கி இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்திய எனக்குத் தெரியாதது அந்த ஏட்டுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வசந்தியிடம் போனேன். அவள் மீன் செதிலோடு இருந்த கையால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த ஒரு நாளு குடிக்கல. சரி. மத்த நாளு? எதனால தள்ளாடுறாருன்னு சொல்லுங்க, நம்புறேன்," என்றாள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் நானும் அவனும் ஓ.பி.க்குப் போனோம். அங்கேதான் அவன் கை டாக்டரின் விரலைத் தப்பிக் காற்றைத் தொட்டது.

நைனா ஊதிக் காட்டிய சாயங்காலங்கள்

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் கோதண்டம். கட்டுமரத்தில் தொடங்கி, பிறகு ஊரிலேயே பெரிய படகில் துடுப்புக்காரராக இருந்தார்.

நாற்பது வயதை ஒட்டி அவருக்கு நடை தடுமாற ஆரம்பித்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. கடலில் எல்லாரும் ஆடித்தான் நிற்பார்கள். நாலு நாள் கடலில் இருந்துவிட்டு இறங்குகிறவனுக்குத் தரை கொஞ்ச நேரம் ஆடும். நைனாவுக்கு அந்த ஆட்டம் இறங்கவேயில்லை. ஒரு நாள் போய், இரண்டு நாள் போய், வாரக்கணக்கில் ஆடினார். பிறகு பேச்சு குழற ஆரம்பித்தது. அதற்கு மேல் ஊருக்கு வேறென்ன வேண்டும்? குடிகாரன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எங்கள் அம்மா தினமும் சாயங்காலம் அவரை வாசலிலேயே நிறுத்துவாள். "ஊது," என்பாள். நைனா அவள் முகத்துக்கு நேரே ஊதுவார். பீடி வாடை வரும், வெற்றிலை வாடை வரும். சாராய வாடை ஒரு நாளும் வந்ததில்லை. அம்மா அதையும் நம்பவில்லை. "வாசன தெரியாம இருக்க இன்னாத்தையோ மென்னுட்டு வர்ற. எம்மாங் கில்லாடி நீ!" என்பாள்.

குடித்த வாடை வந்தாலும் குற்றம், வராவிட்டால் அதைவிடப் பெரிய குற்றம். நைனா கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவார்.

கங்கையம்மன் கோயில் வாசலில்

ஒரு நாள் நைனா படகில் வலை இழுக்கும்போது விழுந்து, கூட இருந்தவர் ஒருவரின் கை ஒடிந்துவிட்டது. ஊர்க்கூட்டம் கூடியது. குடித்துவிட்டுப் படகு ஏறினான் என்பது புகார். எங்கள் குப்பத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஒருவன் தவறினால் எல்லாருடைய உயிரும் போகும்.

"நான் தொட்டதே இல்ல," என்றார் நைனா.

"அப்ப சத்தியம் பண்ணு," என்றார் ஊர்த் தலைவர்.

எங்கள் வழக்கம் இதுதான். கங்கையம்மன் கோயில் வாசலில் இருக்கும் பலிபீடக் கல்லில் கற்பூரம் ஏற்றுவார்கள். சத்தியம் செய்கிறவர், சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்கிறவன் கையை அம்மன் ஏற்கமாட்டாள் என்பது நம்பிக்கை. பொய்யர்கள் பலர் சர்வசாதாரணமாக அணைத்துவிட்டுப் போனதும் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நம்பிக்கை நம்பிக்கைதான்.

மதிய வெயில். ஊர் முழுக்கக் கூடி நின்றது. ஏழுமலை அம்மாவின் இடுப்பில் இருந்தான். நான் முன்வரிசையில் நின்றேன். நைனா குளித்து, ஈர வேட்டியோடு வந்து நின்றார். "தாயே, நான் குட்ச்சிருந்தா என்னக் கடல்லயே வெச்சிக்கோ," என்று சொல்லிக் கையை இறக்கினார்.

கை கற்பூரத்துக்குப் பக்கத்தில், வெறும் கல்லில் விழுந்தது.

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. நைனா மறுபடியும் கையைத் தூக்கினார். கை பக்கத்தில் போகப் போக ஆடியது. மறுபடியும் கல். மூன்றாவது முறை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடித்தார். அதுவும் தள்ளித்தான் விழுந்தது. கற்பூரம் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

"போதும் கோதண்டம். கங்கையம்மா ஏத்துக்கல," என்றார் தலைவர்.

அன்றிலிருந்து நைனாவை எந்தப் படகும் ஏற்றவில்லை. வளர்ந்த பிறகு ஏழுமலையையும் ஏற்றவில்லை. சாமியே கைவிட்டவனின் மகன்.

இதில் நான் செய்ததையும் எழுதிவிட வேண்டும். நைனா காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வருவார். அது அவருக்கு நடக்க ஒரு பிடி. நான் பள்ளிக்கூடம் போக அவருடைய துணை என்று வெளியே பெயர். கோயிலில் நடந்ததற்கு மறுநாள் அவர் கையை வைத்தபோது நான் தோளை உதறினேன். "குடிகாரன்கூட நான் வரமாட்டேன்," என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் போனேன்.

நான் காலேஜில் படிக்கும்போது சோறு புரையேறி அவர் இறந்தார். குடித்தே செத்தான் என்றது ஊர். எனக்கு வரன் பார்க்க வந்தவர்களிடம் நானே அப்படித்தான் சொன்னேன்.

அசலும் ஜெராக்ஸும்

திரும்பவும் ஓ.பி.க்கு வருகிறேன்.

டாக்டர் ஏழுமலையின் கையை இறக்கிவிட்டு, என்னிடம் திரும்பி, "உங்க அப்பா எப்படி நடப்பார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் கற்பூரக் கதையைச் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் குடும்பப் படம் ஒன்று போட்டார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நைனாவின் கட்டத்தைப் பேனாவால் நிரப்பினார். ஏழுமலையின் கட்டத்தையும் நிரப்பினார். அவனுக்குக் கீழே ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு அப்படியே விட்டார்.

"இது யாரு மேடம்?" என்றான் ஏழுமலை.

"உங்க பொண்ணு," என்றார் டாக்டர். அதற்குள் நர்ஸ் ரத்தம் எடுக்கக் கூப்பிட்டாள். அவன் எழுந்து போனான்.

இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார்கள். சிறுமூளை மெல்லத் தேய்கிற நோயாக இருக்கலாம், மரபணுவில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். முடிவு வர மாதக்கணக்கில் ஆனது.

நியூக்ளிக் அமிலங்கள் இரு வகைப்படும் என்று ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கரும்பலகையில் எழுதியவள் நான். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறவேண்டும் என்பதற்காக ரேஷன் கார்டை வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். டி.என்.ஏ. என்பது அசல். பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும், வெளியே வராது. ஆர்.என்.ஏ. அதன் ஜெராக்ஸ். அதுதான் ஆபீசுக்கு ஆபீஸ் போய் வேலையை முடித்துக்கொண்டு வரும். அசலில் பெயர் தப்பாக இருந்தால் ஜெராக்ஸிலும் தப்பாகத்தான் இருக்கும் என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒரு கார்டு இருக்கும்.

மொத்தம் நாலே நாலு எழுத்து. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். இந்த நாலும் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதில்தான் கண்ணின் நிறம், மூக்கின் நீளம், அத்தனை செய்தியும் இருக்கிறது. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஒரு அமினோ அமிலம். அவை கோத்துக்கொண்டால் புரதம்.

முடிவு வந்த அன்று நான் மட்டும் போனேன். டாக்டர் அதே மாதிரி ஒரு சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். சி, ஏ, ஜி. மறுபடி சி, ஏ, ஜி. மறுபடியும் அதே. எல்லாருக்கும் அந்த இடத்தில் இந்த மூன்றெழுத்து சில தடவை திரும்பத் திரும்ப வரும். ஏழுமலைக்கு அது நாற்பதைத் தாண்டி ஓடியிருந்தது. ஒவ்வொரு சி.ஏ.ஜி.க்கும் குளுட்டமின் என்ற ஒரு அமினோ அமிலம். அத்தனை குளுட்டமின் வரிசையாகச் சேர்ந்த புரதம் தன் வேலையைச் செய்யாது, சிறுமூளையின் செல்களுக்குள் தேங்கி அவற்றைக் கொல்லும். நடையையும் நாக்கையும் கையின் குறியையும் சரிபார்க்கிற இடம் அது.

"அப்பாகிட்ட இருந்துதான் வந்திருக்கு. அவருக்கும் இதேதான் இருந்திருக்கும். அவர் சொன்னது உண்மை டீச்சர்," என்றார் டாக்டர்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வரிசையில் நின்றவர்கள், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். அது சரிதான். நைனா இறந்ததற்கு நான் அன்றைக்குத்தான் அழுதேன்.

டாக்டர் காத்திருந்துவிட்டு மீதியைச் சொன்னார். அந்த மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கும். ஏழுமலையிடம் ஒன்று நல்லது, ஒன்று நீண்டது. பிள்ளைக்குப் போவது அதில் ஒன்றுதான். எது என்று யாரும் சொல்ல முடியாது. ஆணா பெண்ணா என்கிற கணக்கும் கிடையாது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது அந்த மூன்றெழுத்து இன்னும் நீளலாம், நோய் இன்னும் சீக்கிரம் வரலாம். பவித்ராவுக்குப் பதினெட்டு வயது ஆகும் வரை பரிசோதனை கூடாது. அதற்குப் பிறகும் அவளாக விரும்பினால்தான்.

"உங்களுக்கும் பாதி வாய்ப்பு இருந்தது," என்றார். எனக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கை நேராகத்தான் போகிறது. தப்பித்தவள் நான்தான் போலிருக்கிறது. அதில் எனக்குத் துளி சந்தோஷமும் இல்லை.

காசிமேட்டில்

வசந்தி கேட்ட ப்ரூஃப் என் கைப்பையில் இருந்தது. பஸ்ஸில் போகும்போது அதைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். என் தம்பி குடிகாரன் இல்லை என்று நிரூபிக்கிற அதே காகிதம்தான் அவன் மகளுக்கும் வரலாம் என்று சொல்கிறது. காட்டாவிட்டால் அவனுக்குக் குடும்பம் இல்லை. காட்டினால் அவளுக்கு நிம்மதி இல்லை.

ஏலம் முடிந்து வண்டிகள் கிளம்பிப் போயிருந்தன. வசந்தி மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே பலகை போட்டு வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நைனாவிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவரு குடிக்கவே இல்ல?"

"இல்ல."

"தெருவுல வெச்சி அடிச்சாங்களே அக்கா எங்க அண்ணனுங்க. நான் பாத்துகினு நின்னேனே." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மீன் ரத்தம் கன்னத்தில் ஒட்டியது. பிறகு நிமிர்ந்தாள். "பரம்பரையா வருதுன்னா… பாப்பாவுக்கு?"

நான் பாதி வாய்ப்பு என்றேன்.

"பாதின்னா?"

"வரலாம். வராமலும் போகலாம். இப்ப தெரியாது."

வாங்க வந்தவர் ஒருவர், "அரை கிலோ போடும்மா," என்று நின்றார். வசந்தி அவரைப் பார்க்கவேயில்லை. பலகையைக் கழுவினாள், மீதி மீனைப் பக்கத்துக்காரியிடம் தள்ளினாள், கூடையை எடுத்தாள்.

"இன்னைக்கே வூட்டுக்கு வர்றேன். அவராண்ட பாப்பா விசயத்த மட்டும் நீங்க பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்," என்றாள்.

பொம்பளப் புள்ளைக்கு வராது

அன்று மதியமே மகளோடு எண்ணூருக்கு வந்துவிட்டாள். ஏழுமலை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே வந்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"நான் குட்க்கல வசந்தி," என்றான். பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"தெரியும்யா. தெரியும். மன்ச்சிடு," என்று அவன் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் அவள் தலையில் கை வைக்கப் பார்த்தான். கை தோளில் போய் விழுந்தது. அவள் அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

பவித்ராவைக் கடைக்கு அனுப்பிவிட்டு அவன் கேட்டான். "பாப்பாவுக்கு இல்லயே?"

"ஒண்ணுமில்ல. டாக்டரம்மாவாண்ட போன்லயே கேட்டுட்டேன். பொம்பளப் புள்ளைக்கு வராதாம். தோ, உங்கக்கா நல்லாத்தான கீறாங்க?"

அவன் என் பக்கம் திரும்பினான். "அப்டியாக்கா? நீ டீச்சராச்சே, கரீட்டா சொல்லு."

இருபத்திரண்டு வருஷப் பாடம் என் வாய்க்குள் இருந்தது. ஒரு மாணவி பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்து பூஜ்யம் போட்டிருப்பேன். "ஆமாண்டா. பொண்ணுங்களுக்கு வராது," என்றேன்.

சரி என்று தலையாட்டினான். பசிக்கிறது, சோறு போடு என்று வசந்தியிடம் கேட்டான். உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்லாத நைனாவை ஊரே நம்பவில்லை. நாங்கள் சொன்ன பொய்யை என் தம்பி ஒரே நிமிஷத்தில் நம்பிவிட்டான் என்று நினைத்து, அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இன்னொரு டாக்டர்

அடுத்த வாரம் ஏழுமலை, வசந்தி, நான் மூன்று பேரும் ஓ.பி.க்குப் போனோம். எங்கள் டாக்டர் அன்று லீவு. அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். நல்ல மனிதர்தான், அவருக்கு முன்னால் நூறு பேர் வரிசையில் நின்றார்கள். அவருக்கு எங்களைத் தெரியாது. முடிவைப் பிரித்துப் படித்தார். மாத்திரை எழுதினார். நடக்கக் கைத்தடி, தலையைக் குனிந்துகொண்டு மெல்ல விழுங்க வேண்டும், பேச்சுப் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வசந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு, அவன் பக்கத்தில் ஒட்டி நின்றாள்.

பிறகு அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "இது பரம்பரையா வர்ற வியாதி. அதனால ஒண்ணு சொல்லியாகணும். உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?"

வசந்தி வாயைத் திறந்தாள். நானும் ஏதோ சொல்லப் போனேன். ஏழுமலை எங்கள் இருவருக்கும் முன்னால், குழறுகிற நாக்கை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

"இல்ல சார். எங்களுக்குக் கொயந்தைங்க இல்ல."

நாங்கள் சொன்னதை அவன் ஒரு நிமிஷம்கூட நம்பியிருக்கவில்லை; டாக்டர் நிரப்பாமல் விட்ட அந்தச் சின்ன வட்டம் அவனுக்கு மறக்கவில்லை. வசந்தி மட்டும் அந்தப் பொய்யை நிஜமென்று நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, பாப்பாவுக்கும் வரலாம் என்பது அவள் காதில் விழக்கூடாது என்பதற்காக, பெற்ற மகளையே இல்லையென்று சொல்லிவிட்டு டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தி திறந்த வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.